கடாரத்துக் கோயில்களின் காணாமற்போன கூரை

மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகத்திற்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியைக் கேளாமல் திரும்பியிருக்க மாட்டார். ஜெராய் மலையின் அடிவாரத்தில், ஓடையின் இரைச்சல் கேட்கும் தொலைவில், புக்கிட் பத்து பகாட் கோயில் நிற்கிறது. உருட்டிக் கட்டிய கருங்கல் தளமும் படிகளும் தாழ்ந்த சுவர்களும் தெரிகின்றன. அதற்குமேல் வானந்தான். "ஐயா, கோயில் எங்கே?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தஞ்சையின் விமானத்தைப் படத்திலும், தம் தோட்டத்துக் கோயிலின் கோபுரத்தை நேரிலும் கண்டு பழகிய கண்ணுக்கு அது முடிவுறாத கட்டடமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. அது முடிவுற்ற கட்டடமே. அதன் பாதி கல்லாலும் மறுபாதி மரத்தாலும் ஆகியிருந்தது. கல் நின்றது, மரம் மண்ணாயிற்று. அம்மரப் பாதியைப் பற்றியதே இப்பொழிவு.

இக்கோயிலை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதல்வர் எச்.ஜி. குவாரிச் வேல்ஸ். அவரும் துணைவியார் டோரதி வேல்ஸும் 1930களின் பிற்பகுதியில் கெடாவில் பல இடங்களை அகழ்ந்து, ஒவ்வோர் இடத்திற்கும் எண்ணிட்டு, 1940இல் தம் அறிக்கையை வெளியிட்டனர். புக்கிட் பத்து பகாட் அவர்களின் வரிசையில் எட்டாம் எண் பெற்றது. 1950களின் இறுதியில் மைக்கேல் சலிவனும், அவரைத் தொடர்ந்து அலஸ்டர் லாமும் மீண்டும் அகழ்ந்தனர். சிதறிக் கிடந்த கற்களை உரிய இடத்தில் அடுக்கிக் கோயிலை இன்றுள்ள நிலைக்கு மீட்டது லாமின் பணி. ஒரு வகையில் இன்று நாம் காணும் கோயில் அவருடைய கருதுகோளும் ஆகும். அவர் கருவறைச் சுவரோடு நிறுத்திக்கொண்டார். சான்றில்லாத கூரையை எழுப்பத் துணியவில்லை. அந்தத் தயக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆயினும் கூரைக்குச் சான்றே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தளத்தின்மேல் வரிசையாக இருக்கும் தூண்தாங்கு கற்களைப் பாருங்கள். வழவழப்பாகச் செதுக்கிய அக்கற்களின் நடுவே குழி வெட்டப்பட்டிருக்கிறது. கல்தூண் நிறுத்தப்பட்டிருந்தால் உடைந்த துண்டேனும் கிடைத்திருக்கும். ஆகவே அக்குழிகளில் மரத்தூணின் அடிமுளை இறங்கியிருந்தது என்பதில் அறிஞர்க்கு ஐயமில்லை. பள்ளத்தாக்கின் பிற கோயில்களிலும் இத்தகைய கற்கள் கிடைத்துள்ளன. ஆக, சிற்பி கல்லில் வெட்டிய ஒவ்வொரு குழியும் தச்சர் விட்டுச்சென்ற அளவுக்குறிப்பு. மரம் அழிந்தாலும் அது நின்ற இடமும், தடிமனின் எல்லையும், ஒரு தூணுக்கும் மறு தூணுக்கும் இருந்த இடைவெளியும் கல்லில் பதிவாகியுள்ளன. இவ்வெச்சத்திலிருந்து கூரை வரை ஏறிச்செல்ல முடியுமா? முன்பு கற்பனையும் வரைபலகையும் மட்டுமே துணையாயிருந்தன. இப்போது கணினிப் படிமம் இருக்கிறது.

இம்முறையின் வன்மையை உலகம் கண்ணெதிரே கண்டது பாரிசில். நோட்ரடாம் பேராலயத்தின் கூரைத்தாங்கி, பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓக் மரச்சட்டங்களால் ஆனது. மரங்களின் மிகுதியால் அதனைக் 'காடு' என்றே அழைத்தனர். 2019 ஏப்ரல் 15 அன்று அக்காடு ஒரே மாலையில் எரிந்தது. எனினும் கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் அப்பேராலயத்தை லேசர் ஒளியால் வருடி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிந்து வைத்திருந்தார். ரெமி ஃப்ரோமான், செட்ரிக் திரான்தெசோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் 2014இல் கூரையின் ஒவ்வொரு சட்டத்தையும் பொருத்தையும் அளந்து வரைந்திருந்தனர். அப்பதிவுகளைக் கொண்டு தச்சர்கள் மீண்டும் கோடரியால் ஓக் மரம் செதுக்கினர். 2024 டிசம்பரில் ஆலயம் திறக்கப்பட்டது. அளவு கணினியில் இருந்தது, கைத்திறன் தச்சரிடம் இருந்தது. டாலன் தீயைப் பார்க்கவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பே மறைந்துவிட்டார்.

பாரிசுக்கும் கெடாவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே கூரை அழிவதற்கு முன் அளக்கப்பட்டது. இங்கே கூரை அழிந்து பல நூற்றாண்டு கழித்தே அளவுநாடா வந்தது. ஆகவே நம் படிமம் நகலாக இருக்க இயலாது. அது ஒரு வினாவாகவே இருக்க முடியும். 'இக்கற்களின் மேல் இத்தகைய கூரை நின்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?' என்று கேட்டு, நிற்காத கூரைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுவதே அதன் வேலை.

முதற்படி எளிது; நம் மாணவர்களே செய்யலாம். கோயிலைச் சுற்றிவந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் அமையுமாறு நூற்றுக்கணக்கில் ஒளிப்படம் எடுக்க வேண்டும். ஒரே கல்லின் முனை பல படங்களில் பல கோணங்களில் தோன்றும். அக்கோணங்களைக் கொண்டு கணினி அம்முனை வெளியில் எங்குள்ளது எனக் கணிக்கும். இலட்சக்கணக்கான முனைகளுக்கு இவ்வாறு கணித்தால் புள்ளித்திரள் ஒன்று கிடைக்கும். புள்ளிகளை இணைத்தால் கற்தளத்தின் முப்பரிமாண மேற்பரப்பு உருவாகும். இடையே ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுக்க மறந்தால் எல்லாம் வீண். வடிவம் சரியாக வரும், அளவு வராது.

அடுத்த படிதான் கடினமும் சுவையும் மிக்கது. குழிகளில் மரத்தூண்களை நட்டு, மேலே உத்திரமும் கைமரமும் முகட்டு வளையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். இங்கே கணினிக்கு வெறும் வடிவம் போதாது. மரத்தின் எடையும் வலிமையும் தெரிய வேண்டும். செங்கால் எனும் மலாயா மரம் கறையானுக்கு எளிதில் இரையாகாதது. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. அதுவே பயன்பட்டது என்று சொல்ல ஒரு துண்டும் எஞ்சவில்லை. ஆயினும் கணக்கைத் தொடங்க நல்ல மரம். தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி இரு மடங்கானால், சீரான பாரம் ஏற்ற அதே உத்திரம் பதினாறு மடங்கு தொய்யும் என்பது இயற்பியல் ஆசிரியர்கள் அறிந்ததே. கல்லில் உள்ள இடைவெளி நமக்குத் தெரியும். எனவே எத்தனை பருமனான உத்திரம் வேண்டும் என்பதைக் கற்பனைக்கு விடவேண்டியதில்லை.

கூரையின் மேற்பரப்பு எது? அத்தாப்பு ஓலையா, சுட்ட ஓடா? சுங்கை பத்து அகழாய்வில் ஓடுகள் கிடைத்துள்ளமையால் இப்பள்ளத்தாக்கினர் ஓடு அறிந்தவர்கள். புக்கிட் பத்து பகாட்டில் ஓலை வேய்ந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. இரண்டையும் நிறுத்துப் பார்ப்போம். கணக்குக்காகத் தளத்தின் பரப்பு 100 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஓலைக்கூரை மழைநீரை விரைந்து வழியவிட வேண்டும். ஆதலால் ஏறத்தாழ 45 பாகைச் சரிவு தேவை. அச்சரிவில் கூரைப்பரப்பு தளப்பரப்பைப்போல் 1.41 மடங்காகும். ஓடு 30 பாகையிலும் நீர் வடிக்கும், பரப்பு 1.15 மடங்கு. ஓலை சதுர மீட்டருக்கு 10 கிலோ, ஓடு 50 கிலோ எனக் கொண்டால், ஓலைக்கூரையின் சுமை 1.4 டன், ஓட்டுக்கூரையின் சுமை 5.8 டன், நான்கு மடங்கு. முடிவு எளிது, ஓலையே இலகு, ஓலையே பொருத்தம் என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. கல்லின்மேல் நிற்கும் தூணுக்கு மண்ணின் பிடி கிடையாது. மண்ணில் ஆழப் புதைத்த கம்பம் தன் வேரில் நிற்பதுபோல் நிற்கும். கல்லின் ஆழமற்ற குழியில் வைத்த தூண் சறுக்காமல் இருக்குமேயன்றிச் சாயாமல் இருக்காது. அதற்கு ஈடாக ஈரமும் கறையானும் அடிமரத்தைத் தீண்டா. அத்தச்சர்கள் நிலைப்பைக் கொடுத்து ஆயுளை வாங்கினார்கள். மலாக்கா நீரிணையில் விடியற்பொழுதில் வீசும் 'சுமத்ரா' எனும் சூறைக்காற்றை நம் கெடா மக்கள் அறிவர். அக்காற்று ஓலைக்கூரையின்கீழ் புகுந்தால் தூக்கும். கனமான ஓட்டுக்கூரையோ தன் எடையாலேயே தூண்களைக் குழியில் அழுத்தி வைக்கும். ஆக, இலகுவான கூரை காற்றுக்கு அஞ்ச வேண்டும், கனமான கூரை உத்திரத் தொய்வுக்கு அஞ்ச வேண்டும். இரண்டில் எதுவாயினும் தீர்வு ஒன்றே: தூண்களின் தலைப்பகுதி ஒன்றோடொன்று இறுகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். உத்திரத்தைத் தூணின் தலையில் வெறுமனே அமர்த்தினால் போதாது; தூணைத் துளைத்து, விட்டத்தை அத்துளைவழி ஊடுருவச் செலுத்தி, ஆப்பு அடித்து இறுக்கினால்தான் சட்டகம் முழுதும் ஓருடம்பாக நிற்கும். கணினியில் இவ்விருவகைப் பொருத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கலாம். தளத்துக் குழியின் ஆழமின்மை, மேலே இருந்த பொருத்தின் வகையைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இவ்வாய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்பொருத்து வழக்கொழிந்த ஒன்றன்று. நம் அண்டை வீட்டார் அறிந்தது. மரபுவழி மலாய் வீட்டின் தூண்கள் இன்றும் கல்தாங்கியின்மேல் நிற்கின்றன. தூணை ஊடுருவும் விட்டம், 'பாசாக்' எனும் மரமுளை, ஆப்பு ஆகியவற்றால் ஆணியின்றி முடுக்கப்படுகின்றன. கிளந்தானின் கம்போங் லாவுட் பள்ளிவாசல் மூன்றடுக்குக் கூரையுடைய பழைய மரக்கட்டடம். 1960களின் பெருவெள்ளத்துக்குப் பின் அதனைப் பிரித்தெடுத்து நீலாம் பூரியில் மீண்டும் பொருத்தினர். ஆணியடித்த கட்டடத்தை அப்படிப் பிரித்து மாட்டுவது கடினம். இலங்கையில் கண்டிக்கு அருகில் உள்ள எம்பக்கே தேவாலயத்துக்குச் சென்றோர் 14ஆம் நூற்றாண்டின் தச்சுத் திறத்தைத் தலைக்குமேலேயே காணலாம்: அங்கே மண்டபக் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் 'மடொல் குருபாவ' எனும் ஒற்றை மர முளையில் வந்து கூடுகின்றன. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாவகத்துப் போரோபுதூர்ச் சிற்பங்களிலும் தூண்மேல் நிற்கும் சரிகூரை வீடுகள் செதுக்கப்பட்டுள்ளன. கல்லிலே வரைந்த தச்சர் படம் என்றே அவற்றைச் சொல்லலாம்.

தமிழகத்தில் நிலைமை தலைகீழ். அங்கே மரம் கல்லாக மாறிவிட்டது. மண்டகப்பட்டுக் குடைவரையைக் குடைந்த முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றி அக்கோயிலை அமைத்ததாகத் தன் கல்வெட்டில் பெருமை கொள்கிறான். அவற்றைக்கொண்டு கட்டுவதே அதுவரை வழக்கம் என்பது அப்பெருமையின் மறுபக்கம். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் ஓலைக்குடிசையின் கல் உரு. சிதம்பரத்துச் சிற்றம்பலம் மட்டும் இன்றும் மரக்கட்டடமாக நின்று பழைய முறையை நினைவூட்டுகிறது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் மரம் தேர்தலுக்கும் பொருத்து வகைகளுக்கும் தனி இயல்களே ஒதுக்குகின்றன. மொழியும் இதற்குச் சான்று பகர்கிறது. மரத்தில் பணிபுரிவோனுக்கு உரிய 'தச்சன்' என்னும் சொல்லோடு 'கல்' சேர்த்துத்தான் கல்தச்சன் என்கிறோம். 'வேய்தல்' என்பது ஓலையும் புல்லும் கொண்டு கூரை மூடும் தொழில். சோழன் பராந்தகன் சிற்றம்பலத்தைப் பொன்னால் மூடியபோதும் பொன் 'வேய்ந்தான்' என்றே தமிழ் சொல்லிற்று. ஓலை போய்ப் பொன் வந்த பின்னும் வினைச்சொல் குடிசையிலேயே இருந்தது!

இனி, சற்று மனத்தாங்கலுக்கு இடமான செய்தியைச் சொல்ல வேண்டும். கடாரம் என்றால் நமக்கு 1025இல் முதலாம் இராசேந்திரன் அனுப்பிய கடற்படை நினைவுக்கு வரும். 'கடாரங்கொண்டான்' என்னும் பட்டம் நினைவுக்கு வரும். அப்பெருமை வரலாற்றுக்கு உட்பட்டதே. ஆனால் அதைக் கையிலேந்திக்கொண்டு, பள்ளத்தாக்கில் உள்ள ஒவ்வொரு கல்லும் சோழன் அடுக்கியது என்று மேடையில் முழங்குவோரும் நம்மிடையே உண்டு. ஒருமுறை ஒரு விழாப் பதாகையில் புக்கிட் பத்து பகாட் தளத்தின்மேல் கணினியால் வரைந்த ஐந்தடுக்குக் கற்கோபுரம் எழுந்து நின்றதைக் கண்டேன். படம் அழகு, மாணவர் பலர் அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டனர். மரத்தூணின் குழிகள் வரிசையாக உள்ள தளத்தில் அக்கோபுரத்தை எது தாங்கும் என்று வரைந்தவர் எண்ணவில்லை. எதிர்ப்புறத்திலும் மிகையுண்டு: வேல்ஸ் தம் காலப் போக்கில் இவற்றை 'இந்தியக் குடியேற்றம்' என்றே எழுதினார், அதை மறுக்கப் புகுந்தோர் சிலர் இந்தியத் தொடர்பையே குறைத்துப் பேசினர்.

தச்சு இவ்விரு சாராருக்கும் விடை சொல்கிறது. கருவறையும் முன்மண்டபமும் கொண்ட தள அமைப்பு, அடித்தளத்தில் புதைக்கப்பட்ட கற்பேழைகள் ஆகியவை இந்தியச் சமயமரபு அறிந்தவர் வழிகாட்டியதைக் காட்டுகின்றன. மேலே எழுந்த மரச்சட்டகமோ, இம்மண்ணின் மழையையும் மரத்தையும் கறையானையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த கைகளின் வேலை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மலையடிவாரத்தில் வந்திறங்கிய வணிகனுக்குக் கூரைச்சரிவைச் சொல்லிக் கொடுத்தவர் உள்ளூர்த் தச்சராகவே இருந்திருப்பார் என்பது என் கணிப்பு. அவருக்கு உளியும் வாய்ச்சியும் தரும் இரும்பு, சுங்கை பத்துவின் உலைகளில் உருகிக்கொண்டிருந்தது. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்து வெளிக்கொணர்ந்த உலைத்தளங்களும் ஊதுலைக் குழாய்களும் இரும்புத் தொழிலின் பரப்பை ஐயமறக் காட்டுகின்றன.

அப்பதாகை போன்ற தவறு நேராதிருக்க அறிஞர்கள் ஒரு நெறி வகுத்துள்ளனர். மரபுடைமைகளைக் கணினியில் காட்சிப்படுத்துவது பற்றிய இலண்டன் சாசனம், 2009இல் அதன் திருத்திய வடிவில், எது சான்று, எது ஊகம் என்பதைப் பார்ப்பவர் அறியுமாறு படிமம் அமைய வேண்டும் என்கிறது. செய்முறை எளிது. நிற்கும் கல் ஒரு நிறம். கல்லின் குழியால் உறுதிப்படும் தூண் மற்றொரு நிறம். கணக்கால் வருவிக்கப்பட்ட உத்திரம் இன்னும் வெளிறிய நிறம். முகட்டு அணிபோன்ற தூய கற்பனை வெறும் கோடு. இப்படி வரைந்த படம் பதாகைக்கு எடுபடாது, வகுப்பறைக்கு எடுபடும். விமானக் கூரையும் மண்டபக் கூரையும் சந்திக்கும் இடத்தை அவ்வாறு வரையும்போது ஒரு சிக்கல் தானாகவே வெளிப்படும். இரண்டும் ஒரே உயரத்தில் கூடினால் நடுவே நீர் தேங்கும் பள்ளம் உண்டாகும்; ஓலைக்கூரை அங்கேதான் முதலில் ஒழுகும். விமானத்தளம் மண்டபத்தளத்தினும் உயர்ந்திருப்பதால், விமானத்தின் இறவாணம் மண்டப முகட்டின்மேல் தழைந்து நின்றிருக்கலாம். தளத்தின் உயர வேறுபாட்டிற்குச் சமயப் பொருள் மட்டுமன்றி மழைக்கான பொருளும் இருந்திருக்கும் என்று இதனால் எண்ணத் தோன்றுகிறது.

இத்தகைய அளவைகளுக்குக் கல் அதன் இடத்தில் இருக்க வேண்டும். பெண்டாங் டாலாம், புக்கிட் பெண்டியாட், பெங்காலான் பூஜாங் கோயில்கள் தம் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டவை. அவை காக்கப்பட்டன என்பதில் மகிழ்ச்சியே. ஆனால் ஆற்றையும் காற்றையும் நோக்கி அவை நின்ற நிலையை இனி அவ்விடத்தில் அளக்க முடியாது. சுங்கை பத்துத் தோட்டத்தில் வேல்ஸ் 11ஆம் எண்ணிட்ட கோயிலுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. தனியார் நிலத்தில், 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்கீழ்ப் பதியப்படாமல் கிடந்த அதன் எச்சத்தை 2013இல் வீடமைப்புப் பணிக்காக மண்வாரிப் பொறி தள்ளிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில் செய்தி வெளியானபோது நாடே பேசிற்று, டத்தோ வீ. நடராஜன் போன்றோர் உரக்கக் குரல் எழுப்பினர். அதற்கு முன்பு, தோட்டத்து மக்கள் அன்றாடம் கடந்து செல்லும் தொலைவில் அது பல்லாண்டு கிடந்தது. கைப்பேசி வைத்திருந்த யாரும் ஒரு பிற்பகலில் அதனைச் சுற்றிவந்து படமெடுத்திருக்கலாம். இன்று அதன் படிமத்தை ஆக்க முனைவோருக்கு 1930களின் குறிப்புகளும் பின்வந்தோரின் சில ஒளிப்படங்களும் மட்டுமே உள்ளன. அவற்றிலிருந்து தளத்தின் நீள அகலத்தை ஓரளவு வரையலாம். தூண் எங்கே நின்றது, குழி எத்தனை விரற்கடை ஆழம், அதன்மேல் எந்தக் கூரை நின்றிருக்கும் என்ற கேள்விகளை அந்தப் படத்திடம் கேட்க இயலாது.